கொம்பு ஊதிய தளபதி

காலை மணி 6. கடல் நடுவே ஒரு சின்னத் தீவு. அங்கே வரிசையாகக் கூடாரங்கள். உள்ளே சிறுவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள்.

திடீர் என்று ஒரு சத்தம்! சங்கு ஊதுவது போல் இருக்கிறது. ஆனால் சங்கு அல்ல. சிறுவர்கள் திடுக்கிட்டு எழுந்து வெளியே ஓடி வருகிறார்கள்.

அங்கே மீசை வைத்த ஒருவர் நிற்கிறார். கையில் முறுக்கிய நீளமான கொம்பு. ஆப்பிரிக்காக் காட்டில் வாழும் "குடு" என்ற மானின் கொம்பு அது. அவர்தான் அதை ஊதி எழுப்பினார்.

அவர் சாதாரண ஆள் அல்ல. பெரிய பட்டாளத் தளபதி. அவர் பெயரைச் சொன்னால் இங்கிலாந்தில் குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் வேலையை எல்லாம் விட்டுவிட்டு, 20 பையன்களைக் கூட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டார்.

அவர்தான் பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர். இது நடந்தது 1907-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தில் அது கோடை விடுமுறைக் காலம்.

நம் ஊரில் மே மாதம் வந்தால், பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று தாய்மார்கள் தவிக்கிறார்கள். ஒரு முகாமில் கொண்டு போய் விட்டால் என்ன என்று யோசிக்கிறார்கள். அந்த யோசனைக்கு முன்னோடியான முகாம்களில் இதுவும் ஒன்று.

தகப்பன் இல்லாத பிள்ளை

பேடன் பவல் 1857-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியர், பாதிரியாரும்கூட. பேடன் பவலுக்கு 3 வயது ஆகும்போது தகப்பனார் இறந்துவிட்டார்.

வீடு நிறையப் பிள்ளைகள். தாயார் ஹென்ரியட்டாவுக்குக் கவலை இல்லாமல் இருக்குமா? ஆனால் அந்த அம்மாள் பயந்து பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. மூத்தவன் வாரிங்டன் கடலில் மிகவும் ஆசை உள்ளவன். அவன் தம்பிகளைப் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவான். தாயார் தடுக்கவில்லை. காற்றும் அலையும் இருக்கும் இடத்துக்குத் தன் மக்களை அனுப்பிவிட்டு அந்த விதவைத் தாய் எப்படித் தூங்கினார் என்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பேடன் பவல் "சார்ட்டர்ஹவுஸ்" என்ற பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். படிப்பில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. நாடகத்தில் நடிப்பான். படம் வரைவான். இரண்டு கையாலும் வரைவான்!

பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு தோப்பு இருந்தது. மாணவர்கள் அங்கே போகக்கூடாது என்று தடை. பேடன் பவல் அங்கேதான் போவான். பறவைகளை ஒளிந்திருந்து பார்ப்பான். முயலைப் பிடித்துச் சமைப்பான். புகை மேலே போனால் வாத்தியார் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? அதற்காகப் புகை தெரியாமல் சின்னதாக நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்டான்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைவிட அந்தத் தோப்பில் கற்றதுதான் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது.

லட்சுமணபுரிக்கு வந்தார்

ஆக்ஸ்போர்டில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. பட்டாளப் பரீட்சை எழுதினார். 700 பேருக்கு மேல் எழுதினார்கள். குதிரைப்படைக்கான வரிசையில் பேடன் பவலுக்கு இரண்டாவது இடம்!

1876-ம் ஆண்டு, 19-வது வயதில், இந்தியாவுக்கு வந்தார். லட்சுமணபுரி என்று நாம் சொல்லும் லக்னோவில் இருந்த குதிரைப்படையில் அதிகாரி ஆனார். பிறகு ஆப்பிரிக்கா, மால்டா என்று பல இடங்களில் வேலை பார்த்தார்.

1897-ல் மறுபடியும் இந்தியா. இந்தத் தடவை மீரட்டில் ஒரு குதிரைப்படைக்கே தலைவர். அங்கே சிப்பாய்களுக்குப் புதுமாதிரிப் பயிற்சி கொடுத்தார். 200 பேரை நிறுத்தி வைத்து உத்தரவு போட்டால் யாரும் யோசிக்க மாட்டான் என்பது அவர் கருத்து. அதனால் சிப்பாய்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தார். காலடித் தடத்தைப் பார்த்துச் செய்தி சொல்வது, இருட்டில் வழி கண்டுபிடிப்பது எல்லாம் கற்றுக் கொடுத்தார். தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஒரு சின்னம் வழங்கினார். இந்தப் பயிற்சியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் எழுதினார். அது சிப்பாய்களுக்காக எழுதியது. யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

217 நாள் முற்றுகை

1899-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. ஒரு பக்கம் ஆங்கிலேயர். இன்னொரு பக்கம் போயர்கள். அதாவது டச்சுக்காரர் வழிவந்த குடியானவர்கள். மாபெகிங் என்ற சின்ன ஊரைப் போயர்கள் வளைத்துக்கொண்டார்கள். ஊருக்குள் இருந்த தளபதி பேடன் பவல்.

அவரிடம் இருந்த வெள்ளைக்காரப் படை ஆயிரத்துச் சொச்சம். வெளியே பல ஆயிரம் பேர். என்ன செய்வது? எதிரியை ஏமாற்றினார். மணல் நிரப்பிய பெட்டிகளைப் பூமியில் புதைத்து, கண்ணிவெடி வைத்திருப்பதாகப் பாசாங்கு செய்தார். முள்கம்பியே இல்லாத இடத்தில் சிப்பாய்கள் கம்பியைத் தாண்டுவது போல் காலைத் தூக்கித் தூக்கி நடந்தார்கள்! தூரத்தில் இருந்து பார்த்த எதிரி நம்பிவிட்டான்.

இந்த முற்றுகையில்தான் அவர் சிறுவர்களின் சக்தியைக் கண்டார். பெரியவர்கள் எல்லோரும் காவலுக்குத் தேவை. கடிதம் கொண்டு போக, செய்தி சொல்ல ஆள் இல்லை. அவருடைய உதவித் தளபதி எட்வர்டு செசில் ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு படை அமைத்தார். காக்கி உடை, தொப்பி எல்லாம் கொடுத்தார். அந்தப் படைக்குத் தலைவன் குட்இயர் என்ற 13 வயதுப் பையன்.

முதலில் கழுதை மேல் ஏறிப் போய்ச் செய்தி கொடுத்தார்கள். ஊரில் பஞ்சம் வந்து கழுதையும் சாப்பாடு ஆகிவிட்டது. அப்புறம் சைக்கிள்தான். குண்டு விழும் தெருவில் சைக்கிளில் போகிறாயே, பயமாக இல்லையா என்று பேடன் பவல் கேட்டாராம். தான் மிதிக்கும் வேகத்தில் குண்டு தன்னைப் பிடிக்க முடியாது என்று அந்தப் பையன் சொன்னானாம். பேடன் பவல் இதைப் பிற்காலத்தில் பெருமையாக எழுதி இருக்கிறார்.

217 நாள் கழித்து, 1900-ம் ஆண்டு மே 17-ந் தேதி, முற்றுகை விலகியது. லண்டனில் மக்கள் தெருவில் இறங்கி ஆடிப் பாடினார்கள். 43-வது வயதில் பேடன் பவல் மேஜர் ஜெனரல் ஆனார்.

கறுப்பர்களின் பட்டினி

இந்தப் புகழுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

மாபெகிங்கில் வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. அவர்களைவிட அதிகமாகக் கறுப்பு மக்கள் இருந்தார்கள். அவர்களும் துப்பாக்கி எடுத்து ஊரைக் காத்தார்கள். ஆனால் உணவு குறைந்தபோது முதலில் வயிறு காய்ந்தது அவர்களுக்குத்தான். பலர் பட்டினியால் செத்தார்கள். அந்த ஊரில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பிளாட்ஜே என்ற கறுப்பு இளைஞர் முற்றுகையின்போது நாள்குறிப்பு எழுதினார். அது 1973-ல்தான் புத்தகமாக வந்தது.

1896-ல் மட்டபிலி மக்கள் கிளர்ச்சி செய்தபோது, பிடிபட்ட அவர்களுடைய தலைவர் ஒருவரைப் பேடன் பவல் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டார் என்பதும் உண்மை. விசாரணை நடந்தது. மேலதிகாரிகள் அவரை விட்டுவிட்டார்கள்.

2020-ம் ஆண்டு இந்த விவகாரங்கள் மறுபடியும் கிளம்பின. பூல் துறைமுகத்தில் இருந்த அவர் சிலையை எடுக்க வேண்டும் என்று சிலரும், எடுக்கக்கூடாது என்று சிலரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் பாதுகாப்புக்காகச் சிலையைச் சுற்றிப் பலகை அடித்தார்கள். அந்தச் சிலை கடலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருப்பது பிரவுன்சீ தீவை.

அந்தத் தீவுக்குத்தான் நாமும் போக வேண்டும்.

பையன்கள் படித்த புத்தகம்

1903-ல் பேடன் பவல் இங்கிலாந்து திரும்பினார். அங்கே ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. சிப்பாய்களுக்காக எழுதிய புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பையன்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்! ஆசிரியர்கள் அதை வைத்துப் பாடம் நடத்தினார்கள்.

அடுத்த ஆண்டு கிளாஸ்கோ நகரத்தில் "சிறுவர் படை" என்ற சங்கத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அந்தச் சங்கத்தின் தலைவர் வில்லியம் ஸ்மித், புத்தகத்தைச் சிறுவர்களுக்கு ஏற்றபடி திருத்தி எழுதும்படி யோசனை சொன்னார். அமெரிக்காவில் காட்டு வாழ்க்கையைச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்த சீட்டன் என்பவரும் தமது புத்தகத்தை அனுப்பி வைத்தார். யோசனைகள் பல இடத்தில் இருந்து வந்தன. எல்லாம் பேடன் பவல் மூளையில் மட்டும் உதித்தது என்று சொல்வது சரி அல்ல.

ஆனால் ஒன்றில் அவரைப் பாராட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. பையன்களை அழைத்துப் போய், செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

1 பவுன், 3½ ஷில்லிங்

பிரவுன்சீ தீவு அப்போது வான் ரால்ட் என்ற செல்வந்தருக்குச் சொந்தம். முகாம் நடத்திக்கொள்ள அவர் அனுமதி கொடுத்தார்.

வந்த பையன்களில் பாதிப்பேர் ஈட்டன், ஹாரோ போன்ற பெரிய பள்ளிக்கூடங்களில் படிக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பூல், போர்ன்மத் ஊர்களைச் சேர்ந்த உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். பணக்காரப் பிள்ளைகளுக்குக் கட்டணம் 1 பவுன். ஏழைப் பிள்ளைகளுக்கு மூன்றரை ஷில்லிங். அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

ஜாதி பார்ப்பது போல அந்தஸ்து பார்த்த நாடு அது. பிரபு வீட்டுப் பையனும் கூலிக்காரர் வீட்டுப் பையனும் ஒரே கூடாரத்தில் படுப்பது என்பது சாதாரண விஷயம் அல்ல. அவர்களைத் தனித்தனியாக வைக்காமல் கலந்து 4 அணிகளாகப் பிரித்தார். ஓநாய், காளை, அண்டங்காக்கை, உள்ளான் குருவி என்று அணிகளுக்குப் பெயர். ஓநாய்க்கு நீல நாடா, காளைக்குப் பச்சை, அண்டங்காக்கைக்குச் சிவப்பு, உள்ளானுக்கு மஞ்சள். தோளில் கட்டிய நாடாவைப் பார்த்தால் எந்த அணி என்று தெரியும். எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாது.

ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனே தலைவன். அணி ஒழுங்காக இருக்கிறதா, சொன்ன வேலையை முடித்ததா, எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. பெரியவர்கள் குறுக்கே வரமாட்டார்கள். தப்பு செய்பவர்களை விசாரிக்க ஒரு மன்றமும் ஏற்படுத்தினார்கள். அந்த மன்றம் ஒரு நாள்கூடக் கூட வேண்டிய அவசியம் வரவில்லை!

பேடன் பவலின் அண்ணன் மகன் டொனால்டும் வந்திருந்தான். வயது 9. அணியில் சேர்க்க முடியாத பொடியன். தகப்பனார் இல்லாத பிள்ளை. சித்தப்பாவுக்கு எடுபிடி வேலை செய்து கொண்டு முகாம் முழுவதும் சுற்றி வந்தான்.

இருட்டில் ஓர் இரவு

கொம்பு சத்தம் கேட்டதும் எழுந்துவிட வேண்டும். பாலும் பிஸ்கட்டும் கிடைக்கும். பிறகு தேகப்பயிற்சி. கொடி ஏற்றிப் பிரார்த்தனை செய்துவிட்டு 8 மணிக்குக் காலைச் சாப்பாடு. அதன்பிறகு அன்றைய பாடம். ஒரு நாள் கண்ணால் பார்த்ததை நினைவில் வைப்பது. ஒரு நாள் மரம், செடி, மிருகங்களை அறிவது. இன்னொரு நாள் தண்ணீரில் விழுந்தவனை, நெருப்பில் மாட்டியவனைக் காப்பாற்றுவது.

கட்டையைக் கடலில் மிதக்கவிட்டு, அதுதான் திமிங்கலம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு படகில் போய் ஈட்டி எறிந்து தங்கள் பக்கம் இழுப்பார்கள். விளையாட்டுத்தான். ஆனால் படகு ஓட்டவும், சேர்ந்து வேலை செய்யவும் தானாகவே வந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டபின் கட்டாய ஓய்வு. இந்தக் காலத்து முகாம்களில் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் வகுப்பு மேல் வகுப்பு வைக்கிறார்களே, அவர்கள் இந்த மத்தியான ஓய்வைக் கவனிக்க வேண்டும்.

முகாமின் உயிர் இரவில்தான் இருந்தது.

தினமும் இரவில் ஒரு அணி மட்டும் தனியே புறப்படும். கொஞ்சம் மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை கொடுப்பார்கள். ஒவ்வொரு பையனும் மேல்கோட்டு, கம்பளி, சமையல் பாத்திரம், தீப்பெட்டி எடுத்துக்கொள்வான். அவ்வளவுதான். குறிப்பிட்ட இடத்துக்குப் போய், தாங்களே நெருப்பு மூட்டி, தாங்களே சமைத்துச் சாப்பிட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் சமையல்காரர் ஆக்கிப்போட, வேலைக்காரர் பரிமாற வளர்ந்த பையன் மாவைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறான். பக்கத்தில் இருப்பவன் உழைப்பாளி மகன். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் சோறு! உதவி கேட்க அங்கே பெரியவர் யாரும் இல்லை.

சாப்பிட்டபின் காவல். இருட்டில் மற்ற அணித் தலைவர்களும், பேடன் பவலும் பூனை மாதிரி ஊர்ந்து வருவார்கள். சத்தம் வரும் திசையைக் கவனித்து, காவல்காரப் பையன் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். 50 வயதுத் தளபதி, புல்லில் வயிறு படிய ஊர்ந்து போகிறார் என்றால் அந்தப் பையன்களுக்கு எவ்வளவு குஷியாக இருந்திருக்கும்! 11 மணிக்குள் காவல் முடிந்துவிடும். பிறகு வானத்தைப் பார்த்துப் படுத்துத் தூங்க வேண்டியதுதான்.

இருட்டு என்றால் பயப்படும் பிள்ளைக்கு, பயப்படாதே என்று நூறு தடவை சொல்லலாம். அந்தத் தளபதி சொல்லவில்லை. இருட்டில் ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்தார்.

முகாம் 8 நாளில் முடிந்தது. பையன்கள் வீட்டுக்குப் போனார்கள். 100 ஆண்டு கழித்து, 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, பல நாட்டுச் சாரணர்கள் அதே தீவில் கூடினார்கள். அன்று காலையிலும் குடு கொம்பு ஊதினார்கள்.

நாலு பென்னிப் புத்தகம்

1908 ஜனவரியில் பேடன் பவலின் "சிறுவருக்கான சாரணியம்" வெளிவந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக 6 பகுதிகள். ஒரு பகுதியின் விலை 4 பென்னி. பையன்கள் வாங்கிப் படித்துவிட்டு, யார் உத்தரவுக்கும் காத்திராமல், தெருவுக்குத் தெரு அணி அமைத்துக்கொண்டார்கள். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். இல்லை, நல்ல குடிமக்களை உண்டாக்கவே என்று பேடன் பவல் சொல்லி வந்தார்.

1909-ல் லண்டன் கண்ணாடி மாளிகையில் சாரணர் மாநாடு. அழைக்காமலே சில பெண் பிள்ளைகளும் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பையன்களுக்கு மட்டும்தான் காடும் கூடாரமுமா என்பது அவர்கள் கேள்வி. அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தனி இயக்கம் பிறந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார். 1910-ல் பேடன் பவல் பட்டாள வேலையை விட்டார். 1912-ல், 55-வது வயதில், ஒலேவ் அம்மையாரை மணந்தார். மணப்பெண்ணுக்கு வயது 23. இருவருக்கும் பிறந்தநாள் பிப்ரவரி 22!

இந்தியப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை

இந்தியாவுக்கும் சாரணர் இயக்கம் 1909-ல் வந்தது. ஆனால் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அதில் இடம். நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்த அநியாயத்தை அன்னி பெசன்ட் அம்மையார் பொறுக்கவில்லை. அருண்டேல் என்பவருடன் சேர்ந்து, சென்னையில் 1916-ல் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். நம் பிள்ளைகள் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாரணர் ஆனார்கள். வடக்கே மாளவியாவும் மற்றவர்களும் வேறு ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய இயக்கத்தில் இணைந்தது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது.

ஆனாலும் கசப்பு தீரவில்லை. 1937-ல் டெல்லி மாநாட்டுக்கு வந்த பேடன் பவல், இந்தியர்களின் குணத்தைக் குறைத்துப் பேசிவிட்டார் என்று பெரிய கொந்தளிப்பு ஏற்பட்டது. பலர் விலகி, 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் கண்டார்கள். தீவில் பணக்காரனையும் ஏழையையும் ஒரே கூடாரத்தில் படுக்க வைத்த மனிதரால், நிறத்தின் வேலியை முழுவதும் தாண்ட முடியவில்லை. சுதந்திரம் வந்தபின், 1950 நவம்பர் 7-ந் தேதி, பிரிந்து கிடந்த சங்கங்கள் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று.

வட்டமும் புள்ளியும்

முதுமையில் பேடன் பவல் ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டார். கென்யா நாட்டில் நையெரி என்ற ஊரில் சின்ன வீடு. எதிரே பனி மூடிய கென்யா மலை. மிருகங்களையும் பறவைகளையும் படம் வரைந்துகொண்டு பொழுதைப் போக்கினார். 1941-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி அங்கேயே காலமானார். வயது 83.

முகாமில் முன்னே போகிறவன், பின்னே வருகிறவனுக்காகத் தரையில் அடையாளம் போட்டுவிட்டுப் போவான். அம்புக்குறி போட்டால், இந்த வழியாக வா என்று அர்த்தம். கடைசி அடையாளம் ஒரு வட்டம். அதன் நடுவே ஒரு புள்ளி. அதைப் பார்த்தால் தேடுவதை நிறுத்திவிடலாம். முன்னே போனவன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று அர்த்தம்.

நையெரியில் அவர் கல்லறையில் அந்த வட்டத்தையும் புள்ளியையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.